மாவு தொடாத மூணு நாள்

அந்த சன்னலோர சீட்டுக்கு ஆள் வருது தாயி. பை கெடக்குல்ல, பை கெடந்தா ஆள் வருதுன்னுதானே அர்த்தம். நீ இந்தப் பக்கம் ஒக்காரு. மதுரைக்குத்தானே? நாங்களும் மதுரைக்குத்தான். டிரைவர் இன்னும் டீக்கடையில நிக்கிறாரு, வண்டி எடுக்கக் கால் மணி நேரமாவது ஆகும். என்ன பாக்குற, இப்படி வேர்த்து ஊத்துதே, நீங்களே சன்னல்ல ஒக்காரலாமேன்னா? ஒக்காரலாம். ஜாக்கெட்டு நனைஞ்சு முதுகோட ஒட்டிக்கிருச்சு. ஆனா அவளுக்குன்னு பையப் போட்டு வச்சாச்சு. வச்சது வச்சதுதான்.

யாரா? எம் மருமக சுகந்தி. ஐஸ் வாங்கப் போயிருக்கா. திங்கிற ஐஸ் இல்ல, ஜூஸ் கடையில ஒடைச்சுப் போடுவாங்கல்ல, அந்த ஐஸ்கட்டி. இந்தா, எம் மடியில பிளாஸ்க்கு இருக்குல்ல, இதுக்குள்ள ஒரு ஊசி மருந்து இருக்கு. சூடு பட்டா வீணாப் போயிரும். வீட்டுல போட்ட ஐஸு, முந்தின வண்டி வராம இங்க நின்ன நேரத்துல கரைஞ்சு போச்சு. மருந்தைச் சொல்றியே, நான் கரைஞ்சு போறேனே, அதை யாரு கேக்குறா?

அவளைப் பத்தி எங்கிட்டப் பேச்செடுக்காத. அவ பண்ணின காரியத்துக்கு ஒரு மாசமா நான் தெருவுல தலை நிமிந்து நடக்கல. என்ன, வளையலைப் பாக்குறியா? இந்த வயசுல கை நெறையக் கண்ணாடி வளையலான்னு பாக்குற. அதுக்கும் அவதான் காரணம். சொல்றேன் கேளு. நீ கேக்கலன்னாலும் சொல்லுவேன், வண்டி எடுக்கிற வரைக்கும் நான் வேற என்ன பண்றது?

எம் பேரு சீனியம்மா. அருப்புக்கோட்டையில எனக்கு இட்லி மாவு யாவாரம். எங்க தெருவுல பாதி வீட்டுல தறி ஓடும், பொம்பளைகளுக்கு மாவாட்ட நேரம் கெடையாது, எல்லாரும் எங்கிட்டத்தான் வாங்குவாக. பதினெட்டு வருசமா ஒரு நாள் மாவு புளிச்சுதுன்னு ஒருத்தி வாயத் தெறந்ததில்ல. எப்படின்னு கேளு. எங்க வீட்டுல வீட்டுக்குத் தூரமானவ மூணு நாளைக்கு மாவத் தொடக் கூடாது. தொட்டா மாவு பொங்கி வழிஞ்சு கெட்டுப் போகும். அது சட்டம். அந்த மூணு நாளும் அவ ஓரமா ஒக்காந்து கவரை எண்ணி அடுக்கலாம், டீ குடிக்கலாம், வாசல்ல நின்னு பேசலாம். தெருவுல எல்லாருக்கும் தெரியும். இன்னைக்கு சீனியம்மா ஓரமா ஒக்காந்திருக்கா, அப்போ மருமக அரைச்ச மாவு, சரி, ரெண்டு கவர் குடுன்னு வாங்கிட்டுப் போவாக.

சுகந்தி கல்யாணமாகி வந்து மூணு வருசம் ஆச்சு. அதுக்கு முன்ன என் மூணு நாளைக்குக் கூலிக்கு ஆள் வச்சு அரைச்சேன். எம் மகன் மாரீஸ்வரன் பார்சல் ஆபீசுல வேலை பாக்குறான். நல்ல பிள்ளைதான், ஆனா பொண்டாட்டிக்குப் பரிஞ்சு பேசுவான். இவ வந்த நாள்லருந்து மாசத்துல மூணு நாளா? எட்டு நாள், பத்து நாள், ஒரு மாசம் பன்னெண்டு நாள். வயித்தப் புடிச்சுக்கிட்டு சுருண்டு கெடப்பா. சோறு எறங்காது, வாந்தி. நான் ஒருத்தியா அரைச்சு, கவர்ல ஊத்தி, கட்டி, வித்து, இடுப்பு ஒடைஞ்சு போகும். நடிக்கிறான்னுதான் நெனச்சேன். அவ காதுலயே விழுற மாதிரி சொன்னேன், எங்களுக்கெல்லாம் வலிக்காத வயிறு உனக்கு மட்டும் வலிக்குதோன்னு. தப்பா சொன்னேன்? லீவு போட நடிக்கிறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா என்ன.

எப்படித் தெரியும்னு கேக்காத. சரி, கேட்டுட்ட. நீ மதுரையில எறங்கிப் போயிருவ, இனிமே ஒன்னை நான் எங்க பாக்கப் போறேன்.

எனக்கு நின்னு ரெண்டு வருசம் ஆச்சு தாயி. அதான், அது. வயசு நாப்பத்தொம்பதுதான். ஆதார்ல அம்பத்திரெண்டுன்னு இருக்கும், அது எழுதினவன் பண்ணின தப்பு. நின்னு போச்சுன்னு தெருவுல தெரிஞ்சா என்ன ஆகும்? கெழவின்னு ஓரங்கட்டிருவாளுக. அது கூடப் பரவாயில்ல. அந்த மூணு நாள் போயிருமே! பதினெட்டு வருசமா எனக்குக் கெடைச்ச ஒரே ஓய்வு அந்த மூணு நாள்தான். அதை யாராவது விடுவாங்களா? அதனால மாசாமாசம் தேதி பாத்து, ரெண்டு நாள் முன்னப்பின்ன போட்டு, நான்பாட்டுக்கு ஓரமா ஒக்காந்துருவேன். எங்க வீட்டுக்காரரு மில்லுல வாட்ச்மேன். அவருக்கு அமாவாசை எப்பன்னே நான்தான் சொல்லணும், இதையா கவனிக்கப் போறாரு?

போன தை மாசம் சுகந்தி மாவுச் சட்டியோட கீழ விழுந்துட்டா. மாரீஸ்வரன் மதுரைக்குத் தூக்கிட்டு ஓடினான். ஸ்கேன் எடுத்தாங்க. சினைப்பையில ரெண்டு கட்டி, ஒன்னு எலுமிச்சம்பழ அளவாம். மாசாமாசம் வெளிய போக வேண்டியது இவளுக்கு உள்ளுக்குள்ளயும் கசிஞ்சு, தேங்கி, கெட்டிப்பட்டுக் கட்டியாயிருக்கு. பழைய ரத்தம் கருத்துப் போயி சாக்லேட் கொழம்பாட்டம் இருக்குமாம். அதைக் கேட்ட அன்னையிலருந்து நான் சாக்லேட்டைக் கையால தொடுறதில்ல. தொப்புள் பக்கம் சின்னதா ஓட்டை போட்டு எடுத்துட்டாங்க. அப்போ டாக்டரம்மா எங்களை ஒக்கார வச்சுச் சொன்னாங்க, எடுத்தாலும் திரும்ப வளரும், கொஞ்ச நாளைக்கு ஒடம்புக்கு அந்த வேலையே இல்லாம ஆக்கணும், மாசம் ஒன்னா ஆறு ஊசி போட்டா தூரமாகிறது நின்னுரும், அப்புறம் தானா வரும், வந்த பெறகு பிள்ளைக்குப் பாக்கலாம், நடுவுல ஒரு ஊசி கூடத் தள்ளிப் போடக் கூடாதுன்னாங்க.

அதுக்கப்புறம் சொன்னாங்க பாரு, அதைக் கேட்டுத்தான் எனக்கு ஆத்திரம். "இந்த ஊசி போட்டா திடீர்னு ஒடம்பு தீயா சுடும், வேர்த்துக் கொட்டும், தூக்கம் வராது, சும்மா சும்மா கோபம் வரும். பயப்படாத. அம்பது வயசுப் பொம்பளைகளுக்குத் தானா வர்றது, உனக்கு ஊசியால முன்கூட்டி வருது. வீட்டுல இருக்கறவங்க அனுசரணையா நடந்துக்கணும்." நான் பக்கத்துலதான் ஒக்காந்திருக்கேன்! ரெண்டு வருசமா வெந்துக்கிட்டிருக்கிறவ! சக்கரையோ, எவ கண்ணோ பட்டுருச்சோன்னு நான் எலுமிச்சம்பழம் சுத்திப் போட்டுக்கிட்டு இருந்தேன். ஒரு ஆள் எங்கிட்ட அனுசரணையா நடந்திருக்குமா? டாக்டரம்மா என் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கல. இந்த சுகந்திதான் திரும்பி என்னையக் கொஞ்ச நேரம் பாத்தா. எதுக்குப் பாக்குறான்னு எனக்கு அப்ப வெளங்கல.

ஊசி போட்டு ஒரு மாசம் ஆகல, அவளுக்கும் ஆரம்பிச்சுருச்சு. மாரீஸ்வரன் ஒடனே அவளுக்கு டேபிள் பேன் வாங்கியாந்தான். எனக்கு? காலண்டர் அட்டை. விசிறிக்கிட்டேன். மாவு வைக்கிற பிரிட்ஜு ஒன்னு இருக்கு எங்க வீட்டுல, ஆள் ஒசரம். சாயங்காலம் ஆனா மாவப் பாக்குறேன்னு சொல்லிக் கதவத் தெறந்து தலைய உள்ள விட்டுருவேன். ஒரு நாள் போறேன், அங்க ஏற்கெனவே ஒரு தலை உள்ள இருக்கு. "தள்ளுடி"ன்னேன். "அத்தை, இப்பத்தான் வந்தேன், ரெண்டு நிமிசம்"ங்கறா. "இது என் பிரிட்ஜு." "மருந்தும் இதுலதான் இருக்கு, நான் மருந்தைப் பாக்குறேன்." வாய் பேசினா. அப்புறம் என்ன, ரெண்டு பேரும் ஆளுக்கொரு தட்டுப் பக்கம் தலைய விட்டுக்கிட்டு நின்னோம். கரண்ட் பில்லுக்கு மாரீஸ்வரன் கத்தினான். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல அவனை வஞ்சோம். அவன் கப்புசிப்புன்னு போயிட்டான்.

சரி, இதுல எங்க மானம் போச்சுன்னு கேக்குற. வர்றேன், வர்றேன்.

ஆபரேசன் பண்ணினதைத் தெருவுல நான் கொடல்வால்னு சொல்லி வச்சிருந்தேன். மூணு வருசமாப் பிள்ளையில்ல, இதுல சினைப்பையில கட்டின்னு சொன்னா அவளுக என்ன பேசுவாளுகன்னு எனக்குத் தெரியாதா? ஆனா ஊசி போட்டதும் இவளுக்கு ஒரு நாளும் தூரமாகல. மாசி முழுக்க மாவு அரைச்சா. பங்குனி முழுக்க அரைச்சா. வலியில்ல, மூஞ்சியில ஒரு தெளிச்சி. எதித்த வீட்டுல செல்லக்கனின்னு ஒருத்தி. தெருவுல யாரு வீட்டுல கதவு சாத்தியிருக்கு, எதுக்கு சாத்தியிருக்குன்னு அவளைக் கேட்டாத் தெரியும். மாவு வாங்க வந்தவ கேட்டா, "ஏன் மதினி, ஒம் மருமக கடைசியா ஓரமா ஒக்காந்தது எப்போ?"

நான் ஆமான்னு சொல்லல. சத்தியமா சொல்றேன், ஒரு வார்த்தை பேசல. சிரிச்சேன். மூணு வருசமா எங்கிட்ட "இன்னும் விசேசம் இல்லையா"ன்னு கேட்டு கேட்டு வயித்தெரிச்சலைக் கொட்டினவ, அன்னைக்கு மூஞ்சி மலந்து நிக்கிறா. சிரிக்காம என்ன பண்ணுவேன்? சிரிச்சது ஒரு குத்தமா?

மறுநாள்லருந்து வருது தாயி. மாங்கா வருது, நெல்லிக்கா வருது, புளிச்சோறு வருது, ஒருத்தி கருவாட்டுக் கொழம்பு கொண்டாந்து வைக்கிறா. சுகந்தி ஒன்னும் புரியாம, "எதுக்கு அத்தை எல்லாரும் எனக்கு மாங்கா தர்றாங்க?"ன்னா. "சீசன்"னேன். அவ தின்னா. நானும் தின்னேன். வீணாக்க முடியுமா?

இப்படியே சித்திரையும் போச்சு. வைகாசியில செல்லக்கனி வந்து சொல்றா, "மதினி, அஞ்சாம் மாசம் வந்துருச்சு, வெள்ளிக்கிழமை தெருவுல சேந்து வளையல் போடுறோம்." எங்க தெருவுல அது வழக்கம். அஞ்சாம் மாசம் தெருக்காரிக சேந்து போடுவாக, ஏழாம் மாசம் தாய் வீட்டுல போடுவாக. நான் வேணாம், எதுக்கு, கண்ணு படும்னு என்னென்னமோ சொல்லிப் பாத்தேன். வளையல்காரன்ட்ட ஏற்கெனவே சொல்லியாச்சாம். அந்த வெள்ளிக்கிழமைதான் இவளுக்கு அஞ்சாவது ஊசி.

முந்தின நாள் சாயங்காலம் பிரிட்ஜுகிட்ட வச்சு அவகிட்ட விசயத்தைச் சொன்னேன். சொல்லிட்டு, "நாளைக்கு ஊசிக்குப் போக வேணாம், ஒரு பத்து நாள் கழிச்சுப் போவோம். சும்மா மணையில ஒக்காந்து வளையலை வாங்கிக்க. அடுத்த மாசம் கலைஞ்சு போச்சுன்னு நான் சொல்லிக்கிறேன், யாரும் ஒன்னும் கேக்க மாட்டாக"ன்னேன். நல்லாத்தானே யோசிச்சிருக்கேன்? யாருக்கும் நட்டமில்ல.

அவ பிரிட்ஜுக் கதவச் சாத்தினா. "இல்லாத பிள்ளைய எதுக்கு அத்தை கலைக்கிறீங்க?"ன்னா. சத்தம் போடல. "இந்த எரிச்சலு, இந்த வேர்வை, மூட்டு வலி, எல்லாத்தையும் நான் எதுக்குத் தாங்குறேன்னு நெனக்கிறீங்க? ஒரு பிள்ளை வரும்னுதானே? ஊசியத் தள்ளிப் போட்டா கட்டி திரும்ப வந்துரும். தெருவுக்குப் பதில் சொல்ல என் வயித்த வாடகைக்கு எடுக்குறீங்களா?" அழுதுட்டா. அவ வலியில சுருண்டு கெடந்தப்பக் கூட என் முன்னாடி அழுததில்ல. ஆனாலும் வளையல்காரனுக்குச் சொல்லியாச்சேன்னுதான் எனக்குக் கவலை. காலையில சரியாயிருவான்னு நெனச்சேன்.

காலையில வாசல்ல பதினஞ்சு பொம்பளைக. மணை போட்டாச்சு, சந்தனம், குங்குமம், ஒரு தட்டு நெறையப் பச்சையும் செவப்புமா வளையல். இவ உள்ளருந்து வர்றா. தோள்ல பை, கையில இந்த பிளாஸ்க்கு. பஸ்ஸுக்குக் கெளம்பின கோலம். செல்லக்கனி, "வாம்மா, ஒக்காரு"ங்கறா. இவ என்ன பண்ணினா தெரியுமா? எங் கையப் புடிச்சு, என்னைய மணையில ஒக்கார வச்சா.

"நாள் நின்னா வளையல் போடுறது வழக்கம்னா, மொதல்ல அத்தைக்குப் போடுங்க. எனக்கு நின்னு நாலு மாசந்தான். அதுவும் ஊசி போட்டு நிறுத்தினது, ஊசி முடிஞ்சா வந்துரும். அவங்களுக்குத் தானா நின்னு ரெண்டு வருசமாச்சு. அவங்கதான் மூத்தவங்க."

தறிச் சத்தம் மட்டும் கேக்குது. எனக்கு அப்ப வந்துச்சு பாரு ஒரு சூடு, உச்சந்தலையிலருந்து உள்ளங்கால் வரைக்கும். இவ அங்கயே நின்னு எல்லாத்தையும் ஒடைச்சா. கொடல்வால் இல்ல, கட்டின்னா. பிளாஸ்க்கைத் தெறந்து ஊசியக் காட்டினா. நான் மாசமா இல்ல, ஆகணும்னுதான் இதைப் போடுறேன், மாங்கா குடுத்தவங்க மன்னிச்சுக்கங்கன்னா. "அப்போ மாசாமாசம் ஓரமா ஒக்காந்தது?"ன்னு எவளோ ஒருத்தி பின்னாலருந்து என்னையக் கேக்குறா. "மூணு நாள் இடுப்புக்கு ஓய்வு, அதுக்குத்தான்"னு இவளே பதில் சொல்றா. தெரிஞ்சிருக்கு! ரெண்டு வருசமா நான் வேர்த்து விசிறிக்கிட்டதை வச்சு, டாக்டரம்மா சொன்ன அன்னைக்கே தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சேதான் நாலு மாசமா அந்த மூணு நாளும் ஒன்னும் சொல்லாம மாவு அரைச்சிருக்கா, கள்ளி.

மொதல்ல சிரிச்சது செல்லக்கனி. வயித்தப் புடிச்சுக்கிட்டு சிரிக்கிறா. நான் தொலைஞ்சேன்னு நெனச்சேன். சிரிச்சுட்டு, தட்டுலருந்து நாலு வளையலை எடுத்துத் தன் கையில போட்டுக்கிட்டு சொல்றா, "எனக்கும் போன ஐப்பசியோட சரி மதினி. மூணு நாளைக்கு எங்க மாமியா சமைக்கும்னு நானும் வெளிய சொல்லல." அம்புட்டுத்தான். "எனக்கு ஒன்றரை வருசம்"ங்கறா ஒருத்தி. "எனக்கு மூணு"ங்கறா இன்னொருத்தி. எங்க தெருவுல பாதிப் பேரு பொய்யா ஒக்காந்துக்கிட்டு இருந்திருக்கோம்! எல்லாரும் தட்டுல கைய விட்டுட்டாளுக. எனக்கு ரெண்டு கைக்கும் அடுக்கி, கன்னத்துல சந்தனம் பூசி, ஒருத்தி ஆரத்தி வேற எடுத்தா. நான் திரும்பிப் பாக்குறேன், இவளக் காணோம். பஸ்ஸுக்குப் போயிட்டா. தனியாப் போயி ஊசி போட்டுட்டு வந்தா.

அன்னையிலருந்து ஒரு மாசம் நான் அவகிட்ட முகம் குடுத்துப் பேசல. தெரு முன்னாடி என் மூணு நாளைப் புடுங்கிட்டாளே. இனிமே நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு ஓரமா ஒக்கார்றது? இவ என்ன சட்டம் போட்டிருக்கா தெரியுமா? செவ்வாக்கெழமை மாவு கெடையாது, ரெண்டு பேருக்கும் லீவு. பலகையில எழுதி மாட்டிட்டா. ஒரு ஆளும் சண்டைக்கு வரல, செல்லக்கனி கூட திங்களே வந்து ரெண்டு கவர் சேத்து வாங்கிட்டுப் போறா. வாரம் ஒரு நாள்னா மாசத்துக்கு நாலு நாள் ஆகுதுங்கறா சுகந்தி. கணக்கு சரிதான். ஆனா கேட்டுச் செஞ்சிருக்கலாம்ல?

இன்னைக்கு ஆறாவது ஊசி. இதோட முடிஞ்சுது. அவ என்னையக் கூப்பிடல, நானா வரவும் இல்ல. நேத்து ஒரு சீட்டைக் கொண்டாந்து பிரிட்ஜு மேல வச்சா. டாக்டரம்மாகிட்ட ரெண்டு டோக்கன் போட்டிருக்காளாம். ஒன்னு அவளுக்கு, ஒன்னு எனக்கு. எனக்கு என்ன சீக்கு? நான் எதுக்கு டாக்டரப் பாக்கணும்? போட்ட டோக்கன் வீணாப் போயிருமேன்னுதான் வந்தேன். கையில பாரு, போட்டது இருபத்தொன்னு, ஒடைஞ்சது போக பதினேழு இருக்கு. கழட்டி எறிஞ்சுரலாம். சோப்புப் போட்டா வந்துரும். நேரம் கெடைக்கல.

அந்தா டிரைவர் வந்துட்டாரு. இவள இன்னும் காணோமே. யோவ் கண்டக்டரு, இருய்யா, ஒரு ஆள் வரணும்! மருந்துக்கு ஐஸ் வாங்கப் போயிருக்கு பிள்ளை, விசிலைக் கையில வச்சுக்கிட்டு அவசரப்படாத. இந்த ஒரு ஊசி தள்ளிப் போச்சுன்னா நீயா பதில் சொல்லுவ? அஞ்சு ஊசி வெந்து வெந்து போட்டுக்கிட்டவ. இந்த ஊசி நேரத்துக்குப் போயிச் சேரணும், இல்லன்னா நான் எறங்கி டயருக்கு முன்னாடி ஒக்காந்துருவேன், ஆமா!

அந்தா வர்றா. ஓடாதடி, மூட்டு வலின்ன! சன்னல் வழியா குடு, பிளாஸ்க்குல போடுறேன். தாயி, கொஞ்சம் எந்திரிச்சு வழி விடு, அவ உள்ள போயி சன்னலோரம் ஒக்காரட்டும். என்னது? நான் ஒக்காரணுமா? வாய மூடிக்கிட்டு ஒக்காருடி, பைய நான்தானே போட்டேன்.

ஏண்டி, எதுக்கு ரெண்டு பொட்டலம்? பிளாஸ்க்குல ஒன்னு போட்டாலே தளும்புது. இத என்ன பண்றது, தலையிலயா கட்டிக்கிறது?

கேட்டியா தாயி? கழுத்துல வச்சுக்கணுமாம். எனக்குன்னு வாங்கினாளாம். கைக்குட்டையில சுத்தி வேற கொண்டாந்திருக்கா, வெறுங்கையில புடிச்சா சுருக்குன்னு இருக்கும்னு.

இங்க வா, காதக் குடு. அவ மானத்தை வாங்கினதெல்லாம் நீ யாருகிட்ட வேணாலும் சொல்லிக்க. இது ஒன்னை மட்டும் அவகிட்டச் சொல்லிராத. கழுத்துக்கு நல்லாத்தான் இருக்கு.